டனல் என்றால் எந்த டனல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் போகும் டனல், விமானத்தைச் சோதிக்கும் டனல், மணிக்கட்டுக்குள் இருக்கும் டனல், இணையத்தில் தகவல் போகும் வி.பி.என். டனல், எலக்ட்ரான் கடக்கும் டனல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அதனால் ஒன்றைப் பற்றித் தெரிந்ததை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்த்துப் பலரும் குழம்புகிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

மலையைக் குடைந்து போட்ட வழிதானே டனல்? கை டாக்டரும் கம்ப்யூட்டர்காரரும் ஏன் அதே பெயரைச் சொல்கிறார்கள்?

சுற்றிலும் அடைபட்டு, இரண்டு முனைகள் மட்டும் திறந்திருக்கும் வழி எதுவானாலும் டனல்தான். அந்த வடிவத்தை எங்கே பார்த்தாலும் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஒரு பிரிவினை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சாலை, ரயில், காற்றுச் சோதனை, மணிக்கட்டு, பயிர், சூளை ஆகியவற்றில் சுவர் நிஜமாகவே உண்டு. வி.பி.என்.னிலும் குவாண்டத்திலும் சுவரும் கிடையாது, ஓட்டையும் கிடையாது.

சுவர் உள்ள டனல்களில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை குறுக்களவைச் சார்ந்தவை. வழி விரிந்து கொடுக்காது. உள்ளே போவது சற்றுப் பெருத்தாலும் ஏதோ ஒன்று நசுங்கும். சுவரே இல்லாத வி.பி.என்.னிலும் இதே தொல்லை உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

சுரங்கமும் டனலும் ஒன்றா? சப்வே எதில் சேரும்?

சுரங்கம் வெட்டுவது உள்ளே இருப்பதை வெளியே எடுக்க; டனல் வெட்டுவது அந்தப் பக்கம் போய்ச் சேர. டனலில் வெளியே வரும் மண்ணும் கல்லும் கழிவு. அவற்றைக் கொண்டுபோய்க் கொட்ட இடம் தேடுவதே தனி வேலை. நடந்து கடக்கும் சப்வே அளவில் சிறியது. மேலிருந்து பள்ளம் தோண்டி, கான்கிரீட் பெட்டி கட்டி, மீண்டும் மண் மூடுவதுதான் வழக்கம். மேலே போகும் சாலையையோ ரயிலையோ நிறுத்த முடியாதபோது, வார்த்து வைத்த பெட்டியை ஜாக்கி கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளி நுழைப்பார்கள்.

அவ்வளவு பெரிய மலை மேலே இருக்கிறது. குடையும்போது ஏன் தலையில் விழுவதில்லை?

ஓட்டை விழுந்ததும், அதுவரை அந்த இடத்துப் பாறை தாங்கிய பாரம் ஓட்டையைச் சுற்றி வளைந்து பக்கத்துப் பாறைக்குப் போய்விடுகிறது. மலையின் முழு எடையையும் தாங்க எந்தக் கான்கிரீட்டாலும் முடியாது. மலையைத் தாங்குவது மலையேதான். மனிதர் வைக்கும் தாங்குகள், பாறை தளர்ந்து உதிராமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. நல்ல பாறை தாங்கு எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வெடிப்பு விழுந்த பாறை சில மணி நேரம் நிற்கும். ஈர மணல் நிற்கவே நிற்காது. எந்த முறையில் குடைவது என்று முடிவு செய்வதில் இந்த ‘நிற்கும் நேரம்’தான் முக்கியம்.

வெடிவைத்துக் குடையும் முறையில் வேலை ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப நடக்கும். முகப்பில் துளையிட்டு மருந்து அடைத்து வெடிப்பார்கள். புகை வெளியேறும்வரை காத்திருந்து, தொங்கும் கற்களைத் தட்டி உதிர்த்து, கல்லை அள்ளுவார்கள். பிறகு கான்கிரீட்டைப் பீய்ச்சியடித்து, பாறைக்குள் இரும்புக் கம்பி முடுக்குவார்கள். ஒரு சுற்றில் 1.5 முதல் 4 மீட்டர்வரை முன்னேறலாம். பாறை மோசமானால் சுற்றின் நீளத்தைக் குறைக்க வேண்டும். ‘நேற்று 3 மீட்டர் போனோமே’ என்று இன்றும் அதே நீளத்துக்கு மருந்து வைக்கும் இடத்தில்தான் முகப்பு சரியும். சரிவுக்கு முன்னோட்டம் பெரும்பாலும் தண்ணீர். காய்ந்திருந்த துளையிலிருந்து திடீரெனக் கலங்கல் நீர் வந்தால் வேலையை நிறுத்தி, முன்னால் நீளத் துளையிட்டுப் பார்த்தாக வேண்டும்.

டி.பி.எம். என்ற டனல் குடையும் மிஷின் எதன்மேல் காலூன்றி முன்னால் தள்ளுகிறது? பின்னால்தான் காலியாக இருக்கிறதே?

பின்னால் காலி இல்லை. மிஷினின் வால்பகுதிக்குள்ளேயே, வளைந்த கான்கிரீட் துண்டுகளைச் சேர்த்து ஒரு முழு வளையம் கட்டிவிடுவார்கள். கடைசியாகச் செருகும் ஆப்பு வடிவத் துண்டு மற்றவற்றை இறுக்கும். சுற்றிலும் உள்ள ஹைட்ராலிக் ஜாக்கிகள் அந்த வளையத்தை உதைத்து மிஷினை முன்னே தள்ளும். ஒரு வளைய அகலம் நகர்ந்ததும் ஜாக்கிகளை மடக்கி அடுத்த வளையம். கெட்டிப் பாறையில் வளையம் தேவைப்படாத மிஷின்களும் உண்டு. அவை இரு பக்கப் பாறையிலும் பெரிய பாதங்களை அழுத்தி ஊன்றிக்கொள்ளும்.

முன்தலை பாறையை அறுப்பதில்லை. சுமார் 43 செ.மீ. விட்டமுள்ள எஃகுச் சக்கரங்கள் பாறையில் அழுத்தி உருள, இரண்டு தடங்களுக்கு நடுவே உள்ள பாறை சில்லுச் சில்லாகப் பெயரும். பொடி அதிகம், சில்லு குறைவு என்றால் சக்கரம் தேய்ந்துவிட்டது அல்லது அழுத்தம் போதவில்லை.

மென்மண்ணில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, நகர்ந்த தூரத்துக்குரிய மண்ணைவிட அதிகமாக அள்ளக் கூடாது. அள்ளினால் மேலே சாலையில் குழி விழும். அதனால்தான் பெல்ட்டில் போகும் மண்ணை எடைபோட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டு, மிஷின் வெட்டும் விட்டம் வளையத்தின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரியது. அந்த இடைவெளியில் உடனுக்குடன் சிமெண்டுக் குழம்பை ஏற்றாவிட்டால் மேல்தரை அமிழும். விட்டத்தில் உள்ள இதே வித்தியாசத்தால்தான் மிஷினைப் பின்னோக்கி எடுக்க முடியாது. மாட்டிக்கொண்டால் மேலிருந்து கிணறு வெட்டித்தான் மீட்க வேண்டும்.

எல்லா டனலும் ஏன் உருண்டையாகவே இருக்கிறது?

எல்லாம் அப்படி இல்லை. வட்டத்தில் சுற்றியுள்ள அழுத்தம் சுவரை நசுக்கும், வளைக்காது. நசுக்கலைத் தாங்குவதில் கான்கிரீட் கெட்டி, வளைப்பில் பலவீனம். சுழலும் மிஷினும் வட்டமாகத்தான் வெட்டும். வெடிவைத்துக் குடையும் சாலை டனல்களில் அடிப்பகுதி தட்டையான குதிரைலாட வடிவம் சகஜம். பள்ளம் தோண்டி மூடியவை செவ்வகம்.

கடலுக்கு அடியில் போட்டால் தண்ணீர் ஒழுகாதா?

ஒழுகும். ஒழுகவே ஒழுகாது என்று நினைத்துக் கட்டுவதில்லை. எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பம்பு வைக்கிறார்கள். ஜப்பானின் செய்கான் டனலின் நீளம் 53.85 கி.மீ. அதில் 23.3 கி.மீ. கடலடியில். 1988-இல் திறந்தது முதல் பம்புகள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் மார்க் புரூனெல் போட்ட டனல் வேலை நடக்கும்போதே பலமுறை வெள்ளத்தில் மூழ்கி, 1843-இல்தான் திறந்தது. ஆனால் அதற்காக அவர் உருவாக்கிய இரும்புக் கவசம்தான் இன்றைய டி.பி.எம்.முக்கு மூதாதை.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே 1994-இல் திறந்த 50.45 கி.மீ. டனலுக்குக் கைகொடுத்தது கடலடியில் இருந்த களிமண் கலந்த சுண்ணப்பாறை. வெட்ட எளிது, நீரும் எளிதில் கசியாது. பாறை சரியில்லாத இடங்களில் குடையவே வேண்டாம். கடல்தரையில் வாய்க்கால் வெட்டி, கரையில் வார்த்த பெரிய பெட்டிகளை மிதக்கவிட்டுக் கொண்டுவந்து மூழ்கடித்துக் கோத்துவிடலாம்.

ரயில் டனலுக்குள் நுழைந்ததும் காது அடைக்கிறதே, ஆக்சிஜன் குறைவா?

இல்லை, அழுத்தம் மாறுகிறது. ரயில் நுழையும்போது முன்னால் உள்ள காற்றுக்கு ஒதுங்க இடமில்லாமல் அழுத்த அலையாகக் கிளம்பி ஒலியின் வேகத்தில் மறுமுனைக்கு ஓடும், அங்கே மோதித் திரும்பும். டனலின் குறுக்களவில் ரயில் எவ்வளவு அடைக்கிறதோ அவ்வளவு கடுமையாக இருக்கும். எச்சில் விழுங்கினால் காது திறந்துகொள்ளும். வேகம் மிகும்போது மறுமுனையில் வெடிச்சத்தமே கேட்கும். ஜப்பானின் 500 வரிசைப் புல்லட் ரயிலுக்கு மீன்கொத்தியின் அலகு போன்ற நீண்ட மூக்கு வைத்ததும், டனல் வாயில்களில் துளையிட்ட முகப்புக் கூடு கட்டுவதும் இதற்காகத்தான்.

சாலை டனலில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

புகை போகும் திசைக்கு எதிர்த்திசையில், பக்கத்தில் எந்த அவசரக் கதவு இருக்கிறதோ அதை நோக்கி. முதல் சில நிமிடங்கள் புகை கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் பரவும், கீழே காற்று தெளிவாகவே இருக்கும். ஓடித் தப்பிக்க உள்ள நேரம் அதுதான். அதைத் தீயை வேடிக்கை பார்ப்பதிலோ, வண்டியைத் திருப்புவதிலோ செலவழிக்கக் கூடாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். சாவி இருந்தால் மீட்புக் குழுவினர் வண்டியை நகர்த்த முடியும்.

கூரை விசிறிகள் காற்றை ஒரே திசையில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தள்ளினால், பெரிய தீயிலும் புகை எதிர்ப்பக்கம் திரும்பி வராது. ஒருவழிச் சாலையில் இது பலிக்கும். முன்னால் உள்ள வண்டிகள் வெளியேறியிருக்கும். இருவழி டனலில் தீயின் இரு பக்கமும் மக்கள் சிக்கியிருப்பார்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆபத்து. 1999-இல் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே உள்ள மோன் பிளாங் டனல் தீயில் 39 பேர் இறந்தார்கள். அது இருவழி டனல். புதிய நெடும் டனல்களை இரட்டைக் குழாயாகக் கட்டுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். சுவிட்சர்லாந்தில் 57 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்ட் அடிவார ரயில் டனலில் சுமார் 325 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி அடுத்த குழாய்க்குப் போகிறது.

விண்ட் டனலில் காற்றை ஊதுகிறார்களா, இழுக்கிறார்களா?

பெரும்பாலும் இழுக்கிறார்கள். விசிறியைத் தாண்டிவரும் காற்று சுழன்று குழம்பியிருக்கும், அதை மாடல்மேல் விடக் கூடாது. காற்று முதலில் தேன்கூட்டுத் தட்டி வழியாக நேராகும், வலைகளில் சுழல் குறையும், குறுகும் வாயில் வேகம் ஏறும், பிறகு சோதனை அறை. அதற்குப் பின்னால் மெதுவாக அகலும் குழாய், கடைசியில் விசிறி. அகலும் குழாயைச் சடாரென விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து, சோதனை அறையில் வேகம் ஏறி இறங்கும். சொந்தமாகச் செய்பவர்கள் இங்கேதான் இடத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்துக் கோட்டைவிடுகிறார்கள்.

மாடலின் முன்தோற்றப் பரப்பு அறையின் குறுக்குப் பரப்பில் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. மிஞ்சினால் காற்று இடுக்கில் வேகமெடுத்துத் தவறான அளவு காட்டும். ரயிலுக்குச் சொன்ன அதே அடைப்புச் சிக்கல்தான் இது.

பத்தில் ஒரு பங்கு மாடல் என்றால் வேகத்தையும் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டுமா?

நேர் எதிர். காற்று ஒரே மாதிரி நடந்துகொள்ள, வேகம், பொருளின் அளவு, காற்றின் அடர்த்தி, பிசுக்கு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் பொருந்த வேண்டும், அதற்கு வேகத்தைப் பத்து மடங்கு ஏற்ற வேண்டும். மணிக்கு 100 கி.மீ. போகும் காருக்கு 1,000 கி.மீ. வேகம் என்றால் ஒலிவேகத்தை நெருங்கி வேறு விளைவுகள் புகுந்துவிடும். ஆகவே காற்றை அழுத்தி அடர்த்தியாக்குவார்கள், கடுங்குளிர் நைட்ரஜனைப் பயன்படுத்துவார்கள், அல்லது பெரிய மாடல் செய்வார்கள். சிறிய மாடலில் சாதாரண வேகத்தில் எடுத்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் ஒரே நிலையில் பல வடிவங்களை ஒப்பிட அது போதும். ரைட் சகோதரர்கள் 1901-இல் சிறிய மரப்பெட்டி டனலில் சுமார் 200 இறக்கை வடிவங்களை அப்படித்தான் ஒப்பிட்டார்கள்.

ராத்திரியில் விரல் மரத்துப்போய் விழிப்பு வருகிறது. கார்பல் டனல் என்கிறார்கள். கைக்குள் டனலா?

ஆம், சுவர் உள்ள டனல். மணிக்கட்டு எலும்புகள் தரையும் பக்கங்களும், குறுக்கே ஓடும் கெட்டியான தசைநார்ப் பட்டை கூரை. இந்த இடுக்கில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் போகின்றன. எலும்பும் விரியாது, பட்டையும் விரியாது. நாண்களைச் சுற்றியுள்ள உறை சற்று வீங்கினாலும் நசுங்குவது மிருதுவான நரம்புதான். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் அழுத்தம் கூடும். கையை உதறினால் சரியாவது இதன் தனி அடையாளம்.

மரத்துப்போவது கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி. சுண்டுவிரல் தப்பும். புறங்கைகளை ஒட்டிவைத்து மணிக்கட்டுகளை முழுதாக மடக்கி 60 விநாடி பிடித்தால் மதமதப்பு வருகிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. பழியை மவுஸ்மேல் போடுவது எளிது, ஆனால் அதற்கான ஆதாரம் பலமில்லை. அதிரும் கருவிகள், இறுக்கிப் பிடித்துச் செய்யும் வேலைகள், கர்ப்பம், சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, முடக்குவாதம் ஆகியவைதான் தெளிவான காரணங்கள்.

எனக்குச் சுண்டுவிரல்தான் மரக்கிறது. அதுவும் கார்பல் டனலா?

பெரும்பாலும் இல்லை. சுண்டுவிரலுக்குப் போவது அல்நார் நரம்பு, அது முழங்கையின் உட்புறம் உள்ள கியூபிடல் டனல் வழியாக வருகிறது. முழங்கையை மடக்கி வெகுநேரம் போன் பிடிப்பது, மேசையில் ஊன்றுவது இதை மோசமாக்கும். மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுப் பயனில்லை.

பட்டை போட்டால் போதுமா? ஆபரேஷனில் டனலை என்ன செய்வார்கள்?

ஆரம்பநிலையில், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் சுமார் ஆறு வாரம் அணிந்து பார்க்கலாம். நேராக என்பதுதான் முக்கியம். பின்பக்கம் வளைத்துக் கட்டும் பட்டை அழுத்தத்தைக் கூட்டும். ஸ்டீராய்டு ஊசி பலருக்குச் சில மாதங்கள் நிவாரணம் தரும். ஆபரேஷனில் கூரைப் பட்டையை வெட்டித் திறந்துவிடுவார்கள். இடைவெளியில் தழும்புத் திசு வளர்ந்து, பட்டை சற்று நீண்டதாகச் சேர்ந்துகொள்ளும். கட்டைவிரல் மேடு வற்றத் தொடங்கியிருந்தால் தள்ளிப்போடக் கூடாது. வற்றிய தசை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

டனல் விஷன் என்றால் கறுப்புக் குழாய்க்குள் பார்ப்பது போல இருக்குமா?

ஓரப் பார்வை போய் நடுப் பார்வை மட்டும் மிஞ்சுவதுதான் டனல் விஷன். படங்களில் அப்படிக் காட்டுகிறார்கள். நிஜத்தில், பார்வை நரம்பு கெடும் குளுக்கோமா நோயாளிக்குக் கறுப்பு விளிம்பு தெரிவதில்லை. விடுபட்ட இடத்தை மூளை நிரப்பிவிடுகிறது. கதவு நிலையில் இடித்துக்கொள்ளும்போதுதான் சந்தேகமே வரும். அதனால்தான் கண்ணழுத்தத்தோடு பார்வைப் பரப்பையும் சோதிக்கிறார்கள்.

வளைவுக் குழாய்மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பாலிடனலுக்குள் செடி ஏன் வெந்துபோகிறது? குளிருக்காகத்தானே போட்டேன்?

வெயில் உள்ளே வந்து வெப்பமாகிறது, காற்று வெளியே போக வழியில்லை. காலையில் வெயில் ஏறும் முன்பே இரு முனைகளையும் திறக்க வேண்டும். நீளம் 20 மீட்டரைத் தாண்டினால் முனைக் கதவுகள் மட்டும் போதாது, பக்கத் திரையைச் சுருட்டி ஏற்றும் வசதி வேண்டும். திறக்காமல் விட்டால் உட்புறம் நீர் கோத்துச் சொட்டி, இலையில் பூஞ்சை வரும்.

ஷீட் 200 மைக்ரான், புற ஊதாக் கதிர் தாங்கும் வகை. முதலில் கிழிவது வளைவுக் குழாய்மேல் படும் கோடுகளில்தான். இரும்பு சூடேறி அங்கே பிளாஸ்டிக்கை நைந்துபோகச் செய்கிறது. குழாய்மேல் நுரை டேப் ஒட்டிவிட்டு ஷீட்டை இழுத்தால் ஆயுள் கூடும்.

டனல் சூளையில் தீ நகருமா, பொருள் நகருமா?

பொருள்தான். செங்கல், பீங்கான் அடுக்கிய வண்டிகள் சூடேற்றும் பகுதி, சுடும் பகுதி, ஆறும் பகுதி என்று மெல்ல நகரும். ஒவ்வொரு பகுதியின் வெப்பமும் மாறாது. ஆறும் செங்கல்லைத் தொட்டுச் சூடான காற்றே எரிப்புக்குப் போவதால் எரிபொருள் மிச்சமாகும்.

வி.பி.என். டனல் என்றால் எனக்கென்று தனி வயர் போடுகிறார்களா?

இல்லை. அதே பொது இணையம்தான். ஒரு கடிதத்தை உறையோடு இன்னோர் உறைக்குள் போட்டு, வெளியுறையில் வேறு முகவரி எழுதுவது போன்றது. வழியில் உள்ளவர்களுக்கு வெளி முகவரி மட்டும் தெரியும். மறுமுனையில் பிரித்து உள்முகவரிக்கு அனுப்புவார்கள். டனல் என்பது இரு முனைகளுக்கு இடையிலான ஏற்பாடு மட்டுமே.

மறைகுறியாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது, இதில் தானாக வராது. ஜி.ஆர்.இ. என்ற பழைய டனல் உறைக்குள் உறை போடுகிறதே தவிர எதையும் பூட்டுவதில்லை. ஐ.பி.செக், வயர்கார்டு போன்றவை பூட்டும். அவற்றிலும் பூட்டு மறுமுனை வரைக்கும்தான். அதற்கப்பால் போவதை அந்த முனையை நடத்துபவர் பார்க்கலாம்.

வி.பி.என். போட்டதும் சில தளங்கள் திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஏன்?

முதல் கேள்வியில் சொன்ன குறுக்களவுத் தொல்லை இதுதான். பெரும்பாலான வலையமைப்புகளில் ஒரு பாக்கெட் (தகவலை வெட்டி அனுப்பும் துண்டு) 1,500 பைட் வரைதான் போகும். வெளியுறைக்கும் இடம் வேண்டும். வயர்கார்டு 60 முதல் 80 பைட் எடுத்துக்கொள்வதால் அதன் இயல்பு அளவு 1,420. இதைவிடப் பெரிய பாக்கெட் வந்தால் ‘சிறிதாக்கி அனுப்பு’ என்று ஒரு செய்தி அனுப்பியவருக்குத் திரும்பிப் போக வேண்டும். நடுவில் உள்ள ஃபயர்வால் அந்தச் செய்தியை வீசியெறிந்தால், சிறிய பாக்கெட்டுகளால் இணைப்பு உண்டாகும், பெரிய பாக்கெட் வரும்போது அப்படியே நிற்கும். பிங் ஓடுகிறது, பக்கம் வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பிங் கட்டளையில் ‘துண்டாக்காதே’ என்ற விருப்பத்தைப் போட்டு அளவைக் குறைத்துக்கொண்டே போங்கள். டனல் இல்லாமல் 1,472 வரை போகும், தலைப்புக்கு 28 சேர்த்தால் 1,500. டனலுக்குள் எந்த எண்ணில் பதில் வருகிறதோ அதோடு 28-ஐக் கூட்டி, அதை எம்.டி.யூ. (பாக்கெட்டின் உச்ச அளவு) ஆக வையுங்கள். ரவுட்டர் உங்கள் கையில் இருந்தால் டி.சி.பி. எம்.எஸ்.எஸ். (தலைப்பு நீங்கலாகப் பாக்கெட்டில் ஏறும் தகவலின் உச்சம்) அளவை அதைவிட 40 குறைத்துக் கட்டிவிடுவது இன்னும் உறுதி.

குவாண்டம் டனலிங்கில் எலக்ட்ரான் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறதா?

துளைப்பதில்லை, ஓட்டையும் மிஞ்சுவதில்லை, ஆற்றலும் குறைவதில்லை. எலக்ட்ரானின் அலை தடைக்குள் சட்டென்று முடியாமல் தேய்ந்துகொண்டே போகிறது. தடை மெல்லியதாக இருந்தால் மறுபக்கம் கொஞ்சம் எஞ்சும். அந்த எச்சம்தான் மறுபக்கம் தென்படும் வாய்ப்பு. அணுக்கருவிலிருந்து ஆல்பா துகள் வெளிவரும் கதிரியக்கத்தை 1928-இல் ஜார்ஜ் காமோவ் இப்படி விளக்கினார். சூரியனின் மையத்தில் புரோட்டான்கள் இணைவதும் இதனால்தான். அங்குள்ள வெப்பம் மட்டும் போதாது.

1957-இல் லியோ எசாகி கண்ட டனல் டயோடு என்ற மின்னணு உறுப்பில் ஒரு விசித்திரம் உண்டு. மின்னழுத்தத்தை ஏற்றும்போது ஒரு கட்டத்தில் மின்னோட்டம் குறையும், எலக்ட்ரான் கடந்துபோய் அமர மறுபக்கம் காலி நிலைகள் இல்லாமல் போவதால். மல்டிமீட்டரில் வைத்துவிட்டு ‘பழுது’ என்று தூக்கியெறிபவர்கள் உண்டு.

அப்படியானால் நான் சுவரில் மோதிக்கொண்டே இருந்தால் ஒருநாள் அந்தப் பக்கம் போய்விடலாமா?

தடையின் அகலத்தில் சிறு மாற்றமும் விடையைத் தலைகீழாக்கும். எலக்ட்ரானின் ஆற்றலைவிட 1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) உயரமான தடை 1 நானோமீட்டர் அகலம் என்றால், கடக்கும் வாய்ப்பு லட்சத்தில் சில என்ற அளவில் இருக்கும். அகலத்தை 2 நானோமீட்டர் ஆக்கினால் அது இன்னும் பல்லாயிரம் மடங்கு குறையும். 1981-இல் பின்னிக்கும் ரோரரும் செய்த டனலிங் நுண்ணோக்கி இந்தக் கூருணர்வை வைத்துத்தான் தனி அணுக்களைப் பார்க்கிறது. ஊசிமுனை 0.1 நானோமீட்டர் விலகினால் மின்னோட்டம் சுமார் பத்தில் ஒன்றாகிவிடும்.

நிறை கூடினாலும் வாய்ப்பு வேகமாகச் சரியும். புரோட்டான் எலக்ட்ரானைவிடச் சுமார் 1,836 மடங்கு கனம். அதற்கே அந்த 1 நானோமீட்டர் தடை கிட்டத்தட்ட அடைத்த சுவர். மனித உடம்பில் இருப்பவை கோடானுகோடி அணுக்கள், செங்கல் சுவரின் அகலமோ கோடிக்கணக்கான நானோமீட்டர். பெரிய அமைப்பில் டனலிங் நடப்பதைக் காட்டியதற்காக 2025-இல் கிளார்க், டெவோரே, மார்டினிஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் அங்கே தடையைக் கடந்தது ஒரு பொருள் அன்று, கடுங்குளிரில் வைத்த, மின்தடையே இல்லாத மீக்கடத்தி மின்சுற்றின் மின்நிலை.